துறவியார் தந்த எண்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு மாநகரில் மரின் மெர்சென் என்னும் துறவியார் ஒருவர் வாழ்ந்தார் (1588–1648). அவர் பவுலா நகர்ப் புனித பிரான்சிசு நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்கி ஆண்டு முழுவதையும் தவக்காலம் போலக் கழிப்பது அச்சபையின் ஒழுங்கு. தேக்கார்த், பெர்மா முதலிய அறிஞர்களின் மடல்கள் அவரது மடத்துக்கு ஓயாது வந்தவண்ணம் இருந்தன. கலிலேயோ 1633-இல் தீர்ப்பிடப்பட்டார். மறு ஆண்டே அவரது இயந்திரவியல் நூலைப் பிரெஞ்சில் வெளியிடும் துணிவும் நம் துறவியாருக்கு இருந்தது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழிக்க 7, இது பகா எண். நான்கு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 15; இது மூன்றாலும் ஐந்தாலும் வகுபடும். இவ்வாறு எத்தனை இரண்டுகளைப் பெருக்கினால் பகா எண் கிட்டும் என்று, 257 வரையில் ஒரு பட்டியலை மெர்சென் 1644-இல் அச்சிட்டார். அதில் 67-உம் இடம்பெற்றது. அதனால் வரும் எண் இது:

147 573 952 589 676 412 927

இருபத்தோர் இலக்கங்கள்! இத்தகைய எண்களைச் சோதித்தறியக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியும் இருக்கிறார்.

232 ஆண்டுகள் கழிந்தன. 1876-இல் எடுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், இது பகா எண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், எவ்வெண்ணால் வகுபடும் என்பதை அவரால் கூற இயலவில்லை. பூட்டிய வீட்டினுள் பேச்சுக்குரல் கேட்கிறது. பேசுவோர் யாரென்று தெரியவில்லை. அந்நிலையிலேயே மேலும் 27 ஆண்டுகள் சென்றன.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில், பிராங்க் நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் கரும்பலகையின் ஒருபுறம் 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தார்; மறுபுறம் இரு எண்களைப் பெருக்கினார். விடைகள் ஒத்தன. ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்தாராம், அவையோர் கைதட்டினராம். எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னர்க் கேட்டதற்கு, ‘மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்’ என்றாராம். ஓய்வுநாளைக் கணக்கில் செலவிட்டாரே என்று நம் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நமக்கோ அது நல்ல ஓய்வாகவே தோன்றுகிறது.

மெர்செனின் பட்டியலில் 257-உம் பிழையே. 61, 89, 107 ஆகியவை விடுபட்டுள்ளன. 1947-இல்தான் முழுப் பட்டியலும் சரிபார்க்கப்பட்டு முடிந்தது. இதற்காக அவரை எள்ளுவோருடன் நாம் உடன்படோம். பிறர் சோதித்து மறுக்கத்தக்க வகையில் தெளிவாக எழுதிவைத்தாரே! அவ்வகை எண்களுக்கு இன்றும் மெர்சென் எண்கள் என்றே பெயர். 2024-இல் கணிப்பொறிகள் கண்ட நான்கு கோடி இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்ணும் அவர் பெயரையே தாங்குகிறது.

கோல் பெருக்கிய எண்கள் 193 707 721, 761 838 257 287. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஒரு மாலைப்பொழுதில் இதனைச் செய்து பார்க்கலாம். முதல் எண்ணின் நடுவே பூச்சியம் நிற்பதால் எட்டு வரிகளே எழுத வேண்டும். அகலமான தாளாக எடுத்துக்கொள்வது நலம்.