விண்ணோட்டம்: நூறு ரூபாய் வெடிப்பில் ஒரு பைசா வெளிச்சம்

'திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகிறது!' இந்தத் தலைப்பு உங்கள் போனுக்கு ஒரு முறையாவது வந்திருக்கும். 2019 கடைசியில் அந்த நட்சத்திரம் திடீரென்று மங்கியபோது வந்த செய்திகளுக்குக் கணக்கே இல்லை. அது கக்கிய தூசுதான் அதையே மறைத்தது என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களில் பழைய வெளிச்சத்துக்கும் வந்துவிட்டது. ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. ஆனால் அதற்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

அந்தச் செய்திகளில் என்னை நிறுத்திய வரி வேறு. வெடித்தால் ஏறக்குறைய பாதி நிலா அளவுக்குப் பிரகாசமாக இருக்கும், பகலிலும் தெரியும், மூன்று மாதம் அப்படியே நிற்கும் என்று போட்டிருந்தார்கள். இன்னும் வெடிக்காத ஒன்றுக்கு எத்தனை மாதம் என்பதுவரை எப்படிச் சொல்கிறார்கள்? ஜோசியம் இல்லை, கணக்குதான். அந்தக் கணக்கு ஒருமுறை நன்றாக அடி வாங்கித் திருந்திய கதைதான் இந்த வாரம்.

முதலில் வரவு செலவு. சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள ஒரு நட்சத்திரத்துக்கு எரிபொருள் தீர்ந்துபோனால், அதன் இரும்பு மையம் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே நொறுங்கி விழுகிறது. அதில் வெளியாகும் ஆற்றலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 99 ரூபாயை நியூட்ரினோ என்கிற, எதிலும் சிக்காத துகள்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் ஒரு ரூபாய், மேல் அடுக்குகளைத் தூக்கி எறியும் வேகத்துக்கு. நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம்? சுமாராக ஒரு பைசா. அந்த ஒரு பைசாவிலேயே சூப்பர்நோவா பல கோடி சூரியன்களுக்குச் சமமாக எரிகிறது.

வெடி எவ்வளவு பலமோ அவ்வளவு வெளிச்சம் என்றுதான் நாம் நினைப்போம். அது பாதிதான் சரி. சைக்கிள் டியூப் வால்வைத் திறந்துவிட்டு, வெளியே சீறும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். அழுத்தி வைத்த காற்று விரியும்போது தன் சூட்டைச் செலவழித்துத்தான் விரிகிறது. நட்சத்திரத்திலும் இதே கதை. வெடித்த கணத்தில் உள்ளே ஏராளமான சூடும் ஒளியும் இருக்கும். ஆனால் வாயு அவ்வளவு நெருக்கம், ஒளி வெளியே வர வழியில்லை. விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரிந்து, நெப்டியூனின் சுற்றுப்பாதையைப்போல் இரண்டு மடங்கு பெரிதாகும்போதுதான் தாராளமாக வழி கிடைக்கிறது. அதற்குள் சூட்டில் பெரும்பங்கு விரிவதற்கே செலவாகியிருக்கும்.

அதனால் கிளம்பும்போது நட்சத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது முக்கியம். திருவாதிரை ஒரு செம்பூதம், சூரியனைவிடச் சுமார் 700 மடங்கு அகலம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாய் வரை விழுங்கிவிடும். அப்படிப்பட்டது இருபது மடங்குக்குள் விரிந்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். சூரியனைவிட 50 மடங்கு மட்டுமே அகலமான நட்சத்திரமோ 250 மடங்குக்கு மேல் விரிய வேண்டும். வெடியின் பலம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவதன் கையில் மிஞ்சுவது சொற்பம்.

சரி, மூன்று மாதம் ஒரே அளவு வெளிச்சம் எப்படி? செம்பூதத்தின் மேல் அடுக்கு பெரும்பாலும் ஹைட்ரஜன். கடும் சூட்டில் அதன் எலெக்ட்ரான்கள் பிய்ந்து தனியாகத் திரியும். ஒளி அவற்றில் முட்டி முட்டித் திரும்புவதால் எல்லாம் மூடுபனிபோல் இருக்கும். சுமார் 6,000 டிகிரிக்கு ஆறியதும் எலெக்ட்ரான்கள் மறுபடி அணுவோடு ஒட்டிக்கொள்ள, பனி விலகி அந்த வாயு கண்ணாடிபோல் ஆகிவிடும். இது வெளியிலிருந்து உள்ளே போகப் போக நடக்கிறது. மாலில் மேலே ஏறும் எஸ்கலேட்டரில் ஒரு பையன் கீழே இறங்கி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். படி மேலே போகிறது, பையன் கீழே வருகிறான், பார்ப்பவர்களுக்கு அவன் ஒரே இடத்தில் நிற்கிறான். வாயு வெளியே பாய்கிறது, பனியின் விளிம்பு உள்ளே இறங்குகிறது. அந்த விளிம்பின் அளவும் சூடும் அதிகம் மாறாததால் வெளிச்சமும் மாறாது. ஏறக்குறைய 100 நாள். ஹைட்ரஜன் தீர்ந்ததும் சட்டென்று விழுந்துவிடும்.

இதெல்லாம் 1980களிலேயே தாளில் இருந்தது. சரிபார்க்கப் பக்கத்தில் ஒரு வெடிப்பு வேண்டுமே? 1604-க்குப் பிறகு வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சூப்பர்நோவா ஒன்றுகூட வரவில்லை.

1987 பிப்ரவரி 24 அதிகாலை, சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் ஆய்வகம். இயன் ஷெல்டன் தான் எடுத்த புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தால், முந்தின இரவில் இல்லாத பெரிய புள்ளி. தகட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். வானத்திலும் இருந்தது. அங்கேயே வேலை பார்த்த ஆஸ்கர் துஹால்டே அதே இரவில் வெறும் கண்ணாலேயே அதைக் கவனித்திருந்தார். பெரிய மெகல்லனிக் மேகம் என்கிற பக்கத்து விண்மீன் மண்டலத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. பெயர் 1987ஏ. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் நீட்டிய கையின் முஷ்டி உயரத்துக்கும் கீழே, தெற்கு அடிவானத்தை ஒட்டி நிற்கிற இடம் அது. அப்படியும் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் அதன் நிறமாலையைப் பிடித்துவிட்டார்கள்.

சிக்கல் உடனே தொடங்கியது. செம்பூதம்தான் வெடிக்கும் என்பது அன்றைய பாடம். பழைய படங்களைத் தேடினால், அந்த இடத்தில் இருந்தது நிக்கோலஸ் சாண்டுலீக்கின் பட்டியலில் உள்ள ஒரு நீல நட்சத்திரம். எடை சூரியனைப்போல் 20 மடங்கு இருக்கலாம், அகலமோ வெறும் 40, 50 மடங்கு. வெளிச்சமும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 100 நாள் நிலையாக நிற்பதற்குப் பதிலாக, மெல்ல மெல்ல ஏறி மே மாதம்தான் உச்சத்துக்கு வந்தது.

ஸ்டான் ஊஸ்லி, டேவிட் ஆர்னெட் போன்றவர்கள் கணக்கைத் தூக்கி எறியவில்லை, நட்சத்திரத்தின் அளவை மட்டும் சுருக்கிப் போட்டுப் பார்த்தார்கள். ஆரம்ப மங்கல் அப்படியே வந்தது. இன்னொரு சாட்சியும் இருந்தது. ஒளி தென்படுவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா மூன்று இடத்திலும் நிலத்தடிக் கருவிகளில் நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன. எல்லாம் சேர்த்து இருபத்துச் சொச்சம்தான்! மையம் நொறுங்கிய அதிர்ச்சி, மேற்பரப்பை எட்ட எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த மூன்று மணி. செம்பூதமாக இருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். (நீலமாக ஏன் இருந்தது? இரண்டு நட்சத்திரங்கள் முன்பே ஒன்றில் ஒன்று விழுந்து கலந்திருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.)

மே வரை ஏறிய வெளிச்சம் எங்கிருந்து? நிக்கல். வெடிப்பின் சூட்டில் உருவாகும் கதிரியக்க நிக்கல் ஆறு நாளில் பாதியாகிக் கோபால்ட் ஆகும். கோபால்ட் 77 நாளில் பாதியாகி இரும்பாகும். அந்தச் சிதைவின் சூடுதான் உள்ளிருந்து கசிந்து வந்தது. உச்சத்துக்குப் பிறகு 1987ஏ-யின் வெளிச்சம் 77 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தபோது, கணக்குப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதை வைத்து நிக்கலின் எடையையும் சொன்னார்கள். பூமியைப்போல் சுமார் 23,000 மடங்கு.

ஆனால் ஆகஸ்டில் அடுத்த அடி விழுந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 5 அன்றுதான் ஏவப்பட்டிருந்த ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள், அங்கிருந்து எக்ஸ்ரே வருவதைப் பிடித்தது. மாடல்கள் சொன்னதற்குப் பல மாதம் முன்பே. மாடல்களில் நட்சத்திரம் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருந்தது, நிக்கல் அடியில், ஹைட்ரஜன் மேலே. வெடித்தாலும் அடுக்கு கலையாமல் விரியும் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். நிஜத்தில், எண்ணெய்மேல் ஊற்றிய தண்ணீர் விரல் விரலாக இறங்குவதுபோல, அடியிலிருந்த நிக்கல் விரல் விரலாக மேலே கிளம்பிக் கலந்துவிட்டது. வெடிப்பு உருண்டையாகச் சீராக நடப்பதில்லை என்பதை அன்று வந்த எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுத்தது. இன்று முப்பரிமாணத்தில், பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் இந்தக் கணக்கைப் போடுவதற்கு ஒரு காரணம் இது.

இன்று இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 'மெசா' என்ற மென்பொருள் இலவசம். அதை எழுதத் தொடங்கியவர் பில் பாக்ஸ்டன், அடோபி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு நட்சத்திரம் கட்ட உட்கார்ந்தார்! அவரும் இருந்த குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்கு வந்த பெரிய தலைவலி. எடை, வெடியின் பலம், ஆரம்ப அகலம் மூன்றையும் சேர்த்துச் சேர்த்து மாற்றினால், வேறு வேறு நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தையும் ஒரே வேகத்தையும் காட்டுகின்றன. அதாவது வெளிச்சத்தை மட்டும் பார்த்து, செத்தது யார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

2023 மே மாதம் ஜப்பானின் கொய்ச்சி இடகாகி கண்டுபிடித்த 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவாவைப் பாருங்கள். சுமார் இரண்டு கோடி ஒளியாண்டு தூரம், சமீப காலத்தின் மிக நெருக்கமான வெடிப்புகளில் ஒன்று. வெடிப்பதற்கு முந்தைய படங்களும் இருந்தன. அப்படியிருந்தும் ஒரு குழு சூரியனைவிடச் சுமார் 11 மடங்கு எடை என்றது, இன்னொரு குழு சுமார் 20 என்றது. நடுவில் வேறு எண்களும் உண்டு. எவ்வளவு எடை வரை நட்சத்திரம் வெடிக்கும், எதற்கு மேல் சத்தமில்லாமல் கருந்துளை ஆகிவிடும் என்ற கேள்விக்கு இந்த எண்தான் வேண்டும். அதில்தான் இன்னும் இழுபறி.

இந்த இழுபறிக்குத் தேவை அகலம், தனியாக அளந்த அகலம். திருவாதிரையில் அது கிடைக்கும். வெடிக்கும் நாளில் முதலில் தெரியப்போவது வெளிச்சம் இல்லை, நியூட்ரினோ. 1987-இல் இருபத்துச் சொச்சம் வந்த இடத்தில், இவ்வளவு பக்கத்திலிருந்து வருவது எண்ணி மாளாது. உலகின் நியூட்ரினோ கருவிகளை இணைத்து, உடனே எச்சரிக்கை அனுப்ப ஒரு வலையமைப்பு இப்போதே இருக்கிறது. அந்த எச்சரிக்கை வந்த நிமிடத்திலிருந்து, வானத்தில் திருவாதிரை பளிச்சிடும் நிமிடம் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒரு நாளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த மணிக்கணக்குதான் அகலம்.