இரண்டாவது கண்

பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைக்கும் பணிக்கு, ஒரே ஆர்வம் கொண்டிருந்தும் ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள் பகிர்ந்துகொண்ட உழைப்பு எவ்வளவு பெரிய அடித்தளமாக அமைந்தது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டிய செய்தியாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் எதிர்பாராத தன்னார்வலர்களைக் கொண்டே நடந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் ஓர் எண்ணை ஒதுக்கும் முறையான குறியேற்றம் அந்நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டதால், ஓர் ஊரில் தட்டச்சிட்ட பாடல் வேறோர் ஊரின் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் அந்த இடர்ப்பாட்டைப் பெருமளவு குறைத்தது, பின்னர் ஒருங்குறி அதன் இடத்தைப் பெற்றது.

ஆயினும் இப்பணியின் உயிர்நிலை தொழில்நுட்பத்தில் இல்லை, மெய்ப்புப் பார்ப்பதில்தான் உள்ளது. ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை என்பதோடு, நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால், சரபம் என்னும் விலங்கும் சாபம் என்னும் வில்லும் ஏட்டில் ஒன்றுபோலவே நின்றன. எது பாடம் என்பதைப் பொருளறிந்தவரே துணிய வேண்டியிருந்தது. அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைத் தானே இனங்காணும் இன்றைய மென்பொருளும் அதே காலையும் ரகரத்தையும் மாற்றிப் படித்துவிடுகிறது என்பதால், உ. வே. சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்களின் கவலை புதிய உருவில் திரும்ப வந்திருக்கிறது. தட்டச்சிட்டவரே தம் பிழையைக் காண்பது அரிது, ஏனெனில் அவர் கண் எழுத்தைப் பாராமல் தாம் எண்ணியதையே படித்துச் செல்லும். தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தாக்கும் இணையத் தளமான தமிழ் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறக் குறியைப் பெறுகிறது. அதைப் பச்சையாக மாற்றும் உரிமை அவருக்கு இல்லை, மற்றொருவர் வந்து சரிபார்த்தாக வேண்டும். பிறர் கண் தேவை என்பதை நட்பின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் வேலையின் விதியாகவே ஆக்கிய இவ்வேற்பாடு, அறிஞர் குழுக்கள் பலவற்றிலும் காணக் கிடைக்காத பணிவைக் கொண்டது.

மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தம் முகப்பிலேயே தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி வருகின்றன. சுவடி தந்து உதவியவர்களைத் தம் முன்னுரைகளில் நன்றியோடு பதிவு செய்த சாமிநாதையரின் மரபு இங்கே தொடர்கிறது எனலாம். ஆனால் எழுதியவர், வெளியிட்டவர், அச்சிட்டவர் என்று பெயர்களை நிரப்பும் அச்சு நூல்களிலும் சிற்றிதழ்களிலும், ஒரு நூலைப் பிழையிலிருந்து காத்தவரின் பெயருக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை, அதை நேர்மையற்ற மறதி என்றே சொல்ல வேண்டும். பழைய இதழ்கள் பல வீடுகளின் பரண்களில் செல்லரித்துக்கொண்டிருக்கும் நிலையில், அவற்றைப் படமெடுக்கவும் எழுத்தாக்கவும் முன்வருவோருக்கு இவ்விதழ் தன் பழைய தொகுதிகளை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்து வைக்கிறது. அடுத்த இதழ் முதல், மெய்ப்புப் பார்த்தவர்களின் பெயர்கள் ஆசிரியர் பெயருக்கு அருகிலும், வாசகர் சுட்டிக்காட்டும் பிழைகள் அவரவர் பெயருடன் இரண்டாம் பக்கத்திலும் அச்சாகும்.