மடை திறப்பவருக்கும் சங்கத்தில் இடம் வேண்டும்

கொற்கை ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். தாமிரபரணியின் வண்டல் படிந்து கடல் விலகிப்போக, இன்று அது குளமும் வயலும் சூழ்ந்த சிற்றூர். ஆனாலும் ஆற்றின் கடைமடை இதுதான். மேலே பெய்யும் மழை இங்கேதான் வந்து சேரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதை மாவட்டமே அனுபவித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் குளங்கள் சங்கிலிபோல் தொடர்ந்தவை. மேல்குளத்தின் மறுகால் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரத்து. எந்தக் கரை கசிகிறது, எந்த மடை திறக்க மறுக்கிறது என்பதைக் குளத்துச் சங்கங்கள் ஒன்றுக்கொன்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அதை அறிந்தவர் யார்? நீர்பாய்ச்சி, மடைக்காரர், நீர்க்கட்டி என ஊருக்கு ஊர் பெயர் மாறும். தமிழகத்தின் பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் தலித் மக்களே. ஆனால் 2000-ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தின் சங்கங்கள் நிலவுடைமையாளர்களை வைத்தே அமைந்தவை. நிலமில்லாதவரின் அறிவு கரையோடு நின்றுவிடுகிறது. 2017-இல் மீண்டும் வந்த குடிமராமத்துத் திட்டமும் ஆயக்கட்டுதாரர் சங்கங்களை நம்பியே நடந்தது.

மதுரை வட்டாரத்தில் தானம் அறக்கட்டளை கண்மாய் விவசாயிகளை வயலகச் சங்கங்களாகத் திரட்டி, அவற்றைக் கூட்டமைப்பாக இணைத்தது. நீர்க்கட்டிகளின் அனுபவத்தையும் பதிவு செய்தது. அது இங்கும் முடியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பழைய குடிமராமத்தைப் போற்றுவோர், 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டமே வந்ததைச் சொல்வதில்லை. நள்ளிரவில் மடைக்குள் மூழ்குவது ஒரு சாதியின் பரம்பரைக் கடமையாக இனியும் தொடரக் கூடாது. அந்த அறிவுக்குக் கூலியும் பாதுகாப்பும் மரியாதையும் வேண்டும். கற்க விரும்பும் எவரும் அதைக் கற்க வழி வேண்டும்.

1927-இல் மகத் குளத்தில் அம்பேத்கர் கேட்டது தண்ணீர் அள்ளும் உரிமை. இங்கே கேட்பது தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் வடகால், தென்கால் சங்கங்களை ஒரே கூட்டத்துக்கு அழைக்கட்டும். ஒவ்வொரு குளத்திலிருந்தும் மடை திறப்பவரும் வரட்டும். நிற்க அல்ல, நாற்காலியில் அமர்ந்து பேச.