33 ரூபாயில் ஒரு வேளை: கல்லூரிக் கடையில் நோட்டு இருக்கு, பருப்பு எங்கே?

கையில் காசு குறைந்தால் கல்லூரி மாணவர்கள் முதலில் எதில் கை வைக்கிறார்கள்? ரீசார்ஜிலும் இல்லை, பஸ் செலவிலும் இல்லை. காலைச் சாப்பாட்டில்தான். ஒரு டீ, ஒரு வடை, 'மதியம் பாத்துக்கலாம்' என்று நாள் ஓடிவிடும்.

காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவுபடுத்தினார். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை மதியச் சோறும் முட்டையும் உண்டு. கல்லூரிக்கு வந்தபின் அந்தத் தட்டு இல்லை. பசி மட்டும் அப்படியே இருக்கு.

மாதம் 1,000 ரூபாய் போதுமா?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப் பெண் திட்டம் விரிவாக்கப்பட்டது 2024 டிசம்பர் 30-ல், தூத்துக்குடி காமராஜ் கல்லூரியில் நடந்த விழாவில்தான். மாதம் 1,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். புத்தகம், பயணம் என எல்லாச் செலவுக்கும் அதே பணம்தான். முழுவதையும் சாப்பாட்டுக்கே ஒதுக்கினால்கூட மூன்று வேளைக்குப் போதாது. ஆனால், சமைக்கத் தெரிந்தால் ஒரு வேளை நல்ல சாப்பாடு கிடைக்கும்.

கணக்கு இதுதான்

100 கிராம் அரிசி, 40 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, சீரகமும் மிளகும் தாளித்துக் கொட்டினால் கீரைப் பொங்கல். கூட ஓர் அவித்த முட்டை. அரிசி கிலோ 60 ரூபாய், பருப்பு 120, முட்டை 7 என்று வைத்துக்கொண்டால் இந்த மூன்றுக்கும் சேர்த்து சுமார் 18 ரூபாய். எண்ணெய், கீரை, எரிபொருள் சேர்த்தாலும் 25 ரூபாய்க்குள் முடியும்.

இதில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் கிடைக்கும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 46 கிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதாவது, ஒரே வேளையில் பாதித் தேவை முடிந்தது.

மீன் வாங்கலாமா?

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு விடலாமா? வரத்து அதிகமுள்ள நாட்களில் சாளை மலிவு. 100 கிராமில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் மீன் விலை ஏறும். அப்போது முட்டை, கொண்டைக்கடலை, நிலக்கடலை கைகொடுக்கும்.

எதில் சமைப்பது?

700 வாட்ஸ் எலெக்ட்ரிக் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.35 யூனிட்தான் செலவு. 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் பழைய வயரிங் உள்ள அறையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். தனி அறை எடுத்துத் தங்குபவர்கள் அடையாள அட்டை காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள். ஹாஸ்டலில் அனுமதி இல்லையென்றால் ஒளித்துவைத்துச் சமைப்பது ஆபத்து.

இன்னொன்று: காலையில் வடித்த சோற்றை வெளியே வைத்துவிட்டு ராத்திரி சூடுபண்ணிச் சாப்பிட வேண்டாம். சில கிருமிகள் சோறு வெந்த பிறகும் பிழைத்திருந்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வடியுங்கள்.

கல்லூரி என்ன செய்யலாம்?

'சமைக்கக் கத்துக்கோ' என்று மாணவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயம் இல்லை. மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் நோட்டும் பேனாவும்தான் கிடைக்கும். அதே அலமாரியில் 250 கிராம் பருப்பு, அரைக் கிலோ அரிசி, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றை மொத்த விலைக்கு வாங்கி லாபமில்லாமல் விற்கலாம். சிப்ஸ் பாக்கெட் தொங்கும் இடத்தில், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயை வைக்கலாம். விடுதிக்கு ஒரு பொதுச் சமையலறை, சரியான வயரிங், ஒரு தீயணைப்புக் கருவி இருந்தால் ஒளித்துச் சமைக்கும் அவசியமே வராது.

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. கடையும் இருக்கு, அலமாரியும் இருக்கு. ஒரு கல்லூரி முடிவெடுத்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கிவிடலாம். பசியோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவியை உதவித்தொகை கல்லூரி வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. அவள் தட்டை நிரப்புவது கல்லூரியின் வேலையும்தான்.