சாய்வு நாற்காலியும் அரிக்கேன் விளக்கும்

'உங்கள் வாசிப்புப் பழக்கம் என்ன?' என்று எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுவது நம் பத்திரிகைகளுக்கு ஒரு சடங்கு. சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது சடங்கு களைகட்டும். பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. தாத்தாவின் தேக்கு அலமாரி, முற்றத்தில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் டிகிரி காபி. அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிவைத்த தொடர்கதை. அப்புறம் ரஷ்ய நாவல், அதற்கப்புறம் லத்தீன் அமெரிக்கா. முடிவில் மூன்று நெறிகள்: புத்தகத்தில் கோடு போடமாட்டேன், பக்கத்தை மடிக்கமாட்டேன், யாருக்கும் இரவல் தரமாட்டேன். இதற்குப் பெயர் 'ரசனை'. அந்த அலமாரி ஒரு தாத்தா வீட்டில் இருந்ததும் இன்னொரு தாத்தா வீட்டில் இல்லாமல் போனதும் எப்படி என்று மட்டும் எந்தப் பேட்டியிலும் யாரும் கேட்டதில்லை.

நானும் புத்தகப் பைத்தியம்தான், தோழர்களே. முப்பது வருஷத்துக்கு மேலான பைத்தியம். என் தாத்தா பண்ணையாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புத்தகம், பெரிய வகுப்புப் பையனிடம் பாதி விலைக்கு வாங்கின பழைய பாடப்புத்தகம். எலி கடித்துவிடப் போகிறதே என்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவைத்தாள். அரிசி இல்லாத மாதத்தில் பானையில் புத்தகம் மட்டும் இருந்தது.

என் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நின்றுகொண்டுதான் படிப்பேன். இன்றைக்கு வீட்டில் இரண்டு நாற்காலி கிடக்கிறது, ஆனாலும் நல்ல புத்தகம் கையில் வந்தால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறேன். இதில் ரசனை ஒரு மண்ணும் கிடையாது. சின்ன வயசில் நாங்கள் போன நூலகம் ஊர்த்தெருவில் இருந்தது. சேரிப் பையன் வந்தால் நூலகர் பேப்பரைத் திண்ணைப் பக்கம் நீட்டி, "நின்னு பாத்துட்டுக் குடுத்துட்டுப் போடா" என்பார். உள்ளே பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். இந்தியா விடுதலை பெற்றபின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது என்று பெருமை பேசுகிறோம். புத்தகம் பயன்படுவதற்கே என்று 1931லேயே விதி எழுதிய ரங்கநாதனும் இந்த மண்ணில்தான் பிறந்தார். 2006இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்து ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்றார்கள். எல்லாம் சரி. கட்டிடம் எந்தத் தெருவில் எழும்பும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எங்கள் ஊரில் அது கோயில் பக்கத்தில் எழும்பியது.

'உட்கார இடமில்லை என்பதெல்லாம் பழைய புலம்பல்' என்பவர்கள் பரோடாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1917இல் அம்பேத்கர் லண்டனிலிருந்து திரும்புகிறார். வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய சாமான்கள், புத்தகங்களோடு சேர்ந்து, யுத்தத்தில் டார்பிடோ அடித்துக் கடலில் மூழ்கிவிட்டன. அதற்கு நஷ்டஈடாக வந்த பணத்தில்தான் அவர் பரோடாவில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதிய தனஞ்சய் கீர் சொல்கிறார். புத்தகம் மூழ்கிக் கொடுத்த பயணச் செலவு! போன இடத்தில் தங்க வீடில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துவிட்டு மாடியில் தங்குகிறார். சுற்றிலும் உடைந்த சாமான்களும் குப்பையும், தலைக்கு மேலே வௌவால். வெளிச்சத்துக்கு ஒரு அரிக்கேன் விளக்கு. பேச ஒரு மனித முகம் இல்லாததால் புத்தகத்தோடு உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். பதினொன்றாம் நாள் காலையில் பார்சிகள் கம்போடு படியேறி வந்தார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதனின் 'வாசிப்புச் சூழல்' இது. இந்தப் பேட்டியை எந்தப் பத்திரிகையும் எடுக்கவில்லை.

அதே மனிதர்தான் 1930களில் தாதரில் வீடு கட்டும்போது புத்தகங்களுக்கென்று மாடியை ஒதுக்கினார். ராஜகிருகம். அவர் வைத்தது ஆடம்பரம் இல்லை. யாரும் கம்போடு வந்து எழுப்ப முடியாத ஒரு மாடி. ஆனால் 2020 ஜூலையில் அந்த வீட்டு வளாகத்துக்குள்ளும் புகுந்து பூந்தொட்டிகளையும் கண்ணாடியையும் உடைத்துவிட்டுத்தான் போனார்கள்.

கோடு போடுகிற விஷயத்துக்கு வருவோம். நான் பென்சில் இல்லாமல் படிப்பதில்லை. ஓரத்தில் திட்டுவேன், கேள்வி கேட்பேன், சில இடத்தில் 'பொய்' என்று எழுதிவைப்பேன். இதைப் பார்த்து ஒரு இலக்கிய நண்பர் முகம் சுளித்தார், 'புத்தகத்தைப் புண்ணாக்குகிறீர்கள்' என்று. அம்பேத்கர் படித்த ஜான் டூயியின் 'ஜனநாயகமும் கல்வியும்' பிரதியில் அவர் போட்ட கோடுகள் இன்றும் இருக்கின்றன. எந்த வரிக்குக் கோடு போட்டார், அதில் எது 1936இல் 'சாதி ஒழிப்பு' உரைக்குள் வந்து உட்கார்ந்தது என்று ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். அவர் சாய்வு நாற்காலி நெறியைக் கடைப்பிடித்திருந்தால் நமக்கு அந்தத் தடயம்கூடக் கிடைத்திருக்காது.

அடுத்தது, என் தேர்வு. நாவல் எடுத்தால் முதலில் சேரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடுவேன். வந்தபின் அங்கே யார் பேசுகிறார்கள், யார் கைகட்டி நிற்கிறார்கள், தண்ணீர் எப்படி ஊற்றப்படுகிறது என்று பார்ப்பேன். 'இது வாசிப்பில்லை, சாதி பார்ப்பது' என்பார்கள். ஐயா, நீங்களும் பார்த்துத்தான் படிக்கிறீர்கள். உங்கள் தெரு முதல் பக்கத்திலேயே வந்துவிடுவதால் தேட வேண்டிய வேலை உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது 'கொச்சை' என்று மூக்கைப் பொத்தியவர்களுக்கு, அக்கிரகாரத்துப் பேச்சு அச்சில் வந்தபோதெல்லாம் அது 'மண்வாசனை'யாக மணந்தது.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். காலணா காசுக்கு வாராவாரம் வரலாறும் மருத்துவமும் பௌத்தமும் அரசியலும். கோலார் தங்கவயலில் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த தொழிலாளிகள் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். ஓலைச்சுவடியாக இருந்த குறளை எல்லிஸ் துரையிடம் கொண்டு சேர்த்தது சமையல் வேலை பார்த்த தன் பாட்டனார் கந்தப்பன் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அலமாரி நம் பக்கமும் இருந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் அவர் 1914இல் இறந்தபின் அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையில் அச்சாகி வருவதற்கு 1999 ஆகிவிட்டது. இடையில் எண்பத்தைந்து வருஷம். கோலாரில் நம் ஆட்கள் தாங்களே அச்சுப்போட்டுக் காப்பாற்றிக்கொண்டார்கள். 'ரசனை'யாளர்களின் சிறந்த நூறு, சிறந்த ஐம்பது பட்டியலில் அவருக்கு ஒரு இடம் இருந்ததா?

சரி, அவர்களைத் திட்டியாகிவிட்டது. நம் வீட்டுக் கதைக்கு வருவோம். அம்பேத்கர் தொகுதிகள் முப்பத்தேழையும் வாங்கி, மாலை போட்ட படத்துக்குக் கீழே அடுக்கிவைத்து, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காத தோழர்களை எனக்குத் தெரியும். ஏப்ரல் 14 அன்று செல்போனில் வந்த ஒரு வரியை மேடையில் முழங்குவார்கள். அவர் எந்த நூலில் சொன்னார் என்று கேட்டால் கோபம் வரும். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோதும் நம்மில் பலருக்கு உறுத்தியது. நமக்குத் துணி வெளுக்கிற வண்ணாத்தியை நாம் எப்படி நடத்துகிறோம் என்று அது காட்டியதே! எனக்கும் உறுத்தியது. பாதியில் மூடிவைத்தேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் முடித்தேன். நமக்குப் பிடிக்காததைச் சொல்கிற புத்தகத்தை மூடுகிற விஷயத்தில் நாமும் சாய்வு நாற்காலிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பாதிக்க ஆரம்பித்ததும் ஒரு தகரப் பெட்டி வாங்கி, புத்தகங்களைப் போட்டுப் பூட்டு போட்டேன். தங்கச்சி 'கருக்கு' கேட்டாள். பத்தாவதோடு நின்று தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். "நீ கிழிச்சிடுவே" என்றேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அளவு கரி. நான் இல்லாதபோது சாவியைத் தேடி எடுத்து, அடுப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டே படித்து முடித்திருக்கிறாள். கத்தினேன். அவள் பயப்படவில்லை.

"அந்த லைப்ரரிகாரு மாதிரியே பேசறியேண்ணா."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்சநாள் வீம்பாகக்கூட இருந்து பார்த்தேன். அப்புறம் பூட்டைக் கழற்றிவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் யார் எதை எடுத்துப் போனார்கள் என்று எழுதிவைப்பதோடு சரி. இப்போது நோட்டுப்படி நாற்பத்தொரு புத்தகம் வெளியே இருக்கிறது. 'கருக்கு' தங்கச்சியிடம்தான். அவள் மகள் இப்போது அதைப் படிக்கிறாளாம், கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு.

அயோத்திதாசர் இரண்டாம் தொகுதியை எடுத்துப்போன விழுப்புரம் தோழருக்கு: படிச்சு முடிச்சிருந்தா அடுத்த ஆளுக்குக் குடுங்க. எங்கிட்ட கொண்டாற வேண்டாம். ஓரத்துல நான் 'பொய்'னு எழுதின எடம் ஒண்ணு இருக்கு, அது எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. அதுக்குப் பக்கத்துல உங்க பதிலை எழுதிட்டுக் குடுங்க.