இரண்டு மழைக்கான வாய்க்கால்தானே என்று விடலாமா?



ஐப்பசி அடைமழை நெருங்குகிறது. நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில் மழைநீர் வாய்க்கால்கள் தயாராக இருக்க வேண்டிய காலம். உங்களில் சிலர் இந்த மாதிரி வேலையில் இருப்பதால் எழுதுகிறேன்.

"சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த வாய்க்கால் இரண்டு மழைக்குத்தான், இதற்கு ஏன் வரைபடமும் கணக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மழைக்கென்று வெட்டினாலும் பெய்வது முழு மழைதான்.

கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அதில் விழுவது 10 லட்சம் லிட்டர். 50 ஹெக்டேருக்கு 5 கோடி லிட்டர். புல் பூண்டில்லாத மண்ணில் பெரும்பகுதி ஓடித்தான் வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரையே இரவு பகலாக இறைக்கிறார்கள். தடுக்கக்கூடிய மழைநீரையும் குழிக்குள் விட்டு இறைப்பது வீண்செலவு.

ஆகவே மேட்டிலிருந்து வரும் நீரைக் குழிக்கு வெளியிலேயே மறித்துத் திருப்ப வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போட்டு இறுக்கலாம். குழியின் விளிம்பை ஒட்டி வெட்டக்கூடாது. கசியும் நீர் சரிவை இளக்கிவிடும். வாட்டம் குறைந்தால் வண்டல் படியும். கூடினால் தரை அரிக்கும். வாட்டம் நான்கு மடங்கானால் நீரின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படிப்பட்ட இடங்களில் குறுக்கே சிறு கல் தடுப்புகள் வேண்டும். வளைவில் வெளிக்கரைக்குக் கல் பதிக்க வேண்டும்.

சுரங்க மண் கலந்த நீருக்குத் தனி வாய்க்கால். அது நேரே ஆற்றுக்குப் போகக்கூடாது. வண்டல் படியும் குட்டையில் தங்கித் தெளிந்த பிறகே போக வேண்டும். ஏரிக்குக் கலங்கல் இருப்பதுபோல் அந்தக் குட்டைக்கும் உபரிநீர் வழி அவசியம். இல்லாவிட்டால் ஒரு பெருமழையில் கரை உடைந்துவிடும்.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதுதான்: வரைபடத்தைக் கடைமடையிலிருந்து தொடங்குங்கள். நெய்வேலிப் பக்கத்து நீர் பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்குப் போகிறது. அடித்துவரும் மண் அங்கே படிந்த அளவுக்கு ஏரியின் கொள்ளளவு குறையும். வாய்க்காலைச் சில மாதங்களில் மூடிவிடலாம். ஏரியில் படிந்த மண்ணை யார் அள்ளுவது? 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே தற்காலிக வாய்க்காலுக்கும் வரைபடம், பொறுப்பாளர், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் ஒரு பார்வை, தூர்வாரும் நாள் ஆகியவை இருக்கட்டும். களத்தில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். மழைக்காலத்தில் எல்லாரும் கவனமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்