பாஷை வர வேண்டுமா? போனை வையுங்கள்!

என் நாத்தனார் மகள் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். "பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மதினி அப்படிச் சேர்த்துவிட்டார்கள். அவளும் கேள்வி பதிலை நெட்டுருப் போட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினாள். வீடே பெருமைப்பட்டது.

டிகிரி முடித்ததும் பிரான்சில் மேல்படிப்பு படிக்க ஆசைப்பட்டாள். அங்கே பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் கல்லூரிகளில் சேர, பெரும்பாலும் 'பி2' என்ற நிலை வரை மொழி தெரிந்திருக்க வேண்டும். ஏ1-ல் ஆரம்பித்து சி2 வரை மொத்தம் ஆறு படி. அதில் இது நாலாவது படி. அதற்காக 2023 ஏப்ரலில் விஷி என்ற ஊருக்கு ஆறு மாத மொழிப் படிப்புக்குப் போனாள். மதினி தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்துத்தான் அனுப்பினார்கள்.

போன மறுநாளே பிள்ளை ரொட்டிக் கடையில் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிரெஞ்சில் எண்பதை 'நாலு இருபது' என்றும், தொண்ணூறை 'நாலு இருபது பத்து' என்றும்தான் சொல்வார்களாம். பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் கடைக்காரம்மா கடகடவென்று விலை சொன்னபோது ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மரியாதை தெரியாத பெண் என்று நினைப்பார்கள் என்பதும் இவளுக்குத் தோன்றவில்லை. தொண்ணூற்றைந்து மார்க் ஒரு ரொட்டி வாங்கித் தரவில்லை!

அவள் தங்கியது ஒரு வயதான பிரெஞ்சு அம்மா வீட்டில். பாஷை படிக்க வருகிறவர்களை இப்படி அந்த ஊர்க் குடும்பத்தோடு தங்க வைப்பது அங்கே வழக்கம். வகுப்பு வாரத்துக்கு இருபது மணி நேரம்தான். மீதி நேரம் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிப் பழக வேண்டும் என்பதுதான் ஏற்பாடே.

ஆனால் நடந்தது என்ன? எங்கள் மதினி ஒரு நாளைக்கு ஐந்து தடவை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். அதிலும் நம்மூரில் இரவு பதினொரு மணிக்கு, படுக்கப் போகும் முன் கட்டாயம் ஒரு வீடியோ கால். கோடையில் அப்போது அங்கே ஏழரை மணி. அந்த வீட்டில் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசும் நேரம். இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அம்மாவிடம் தமிழ், வகுப்பில் மற்ற நாட்டுப் பிள்ளைகளிடம் இங்கிலீஷ். இரண்டு மாதம் ஓடிவிட்டது. "உனக்குப் புரிகிறது, வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது" என்று டீச்சர் சொன்னாராம்.

என்னிடம்தான் சொல்லி அழுதாள். எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. நான் பிளஸ் டூ வரை படித்தவள்தான். 2011-ல் கல்யாணமாகி பிலாய்க்குப் போனேன். அவர் ஷிப்டுக்குப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. வாசலில் காய்கறி வண்டிக்காரர் 'டேட்' என்பார், 'டாயி' என்பார். ஒன்றரை, இரண்டரை என்று அர்த்தம். அதுகூடத் தெரியாமல் எத்தனை நாள் ஏமாந்த மாதிரி நின்றிருக்கிறேன்! பக்கத்து வீட்டு அம்மாக்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டால் குழம்புக்குக் காய் வராதே! ஒரு வருஷத்தில் பேரம் பேச வந்துவிட்டது, இரண்டு வருஷத்தில் சண்டை போடவும் வந்துவிட்டது. எந்தப் புத்தகமும் இதை எனக்குக் கற்றுத் தரவில்லை. வேறு வழியில்லாததுதான் கற்றுத் தந்தது.

மதினியிடம் பக்குவமாகச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுங்க மதினி. மற்ற நாள் 'நல்லா இருக்கேன்'னு ஒரு செய்தி போட்டா போதும்." அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ பெத்திருந்தா தெரியும் உனக்கு, அவ தூர தேசத்துல தனியா கிடக்கறது" என்றார்கள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் மகளே கேட்டுக்கொண்டதால் சம்மதித்தார்கள். முதல் வாரம் அம்மா இங்கே சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளை அங்கே சாப்பிடவில்லை.

அப்புறம்தான் வாய் திறந்தது. காய் நறுக்கிக்கொண்டே அந்தப் பாட்டியிடம் தப்பும் தவறுமாகப் பேசினாள். பிரெஞ்சில் மேஜைக்குக்கூட ஆண்பால், பெண்பால் உண்டு; இவள் மாற்றிச் சொல்ல, பாட்டி திருத்திக்கொண்டே வெங்காயம் உரிப்பாராம். நம்மைப் போலவே அங்கேயும் 'நீ', 'நீங்கள்' உண்டு. ஒரு நாள் எனக்குச் செய்தி போட்டாள்: "அத்தை, பாட்டி இனிமே என்னை 'நீ'ன்னே கூப்பிடுறேன்னு சொல்லிட்டாங்க!"

கடைசியில் பி2 பரீட்சை எழுதினாள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. நூற்றுக்கு ஐம்பது வாங்க வேண்டும். இவள் அறுபத்தொன்று. பிளஸ் டூ மார்க்கைவிட ரொம்பக் குறைவுதான். ஆனால் இந்த அறுபத்தொன்று நெட்டுருப் போட்டு வந்ததல்ல.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாஷை படிக்க வெளிநாடு அனுப்புவதாக இருந்தால், ஆரம்பப் பாடத்தை இங்கேயே சென்னையிலோ புதுச்சேரியிலோ முடித்துவிட்டு அனுப்புங்கள்; அரிச்சுவடிக்காக அங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம். தங்கும் வீட்டைப் பற்றி நன்றாக விசாரியுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாரிசில் லா ஷபெல் பக்கம் போனால் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லியும் கிடைக்கும், தமிழ்ப் பேச்சும் கிடைக்கும். வேலைக்குப் போனவர்களுக்கு அது வரம். ஆறு மாதத்தில் பாஷை கற்க வேண்டிய பிள்ளைக்கு அது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போதும்.

அனுப்பியபின், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பிள்ளை தனியாகத் தவிக்கிறதே என்று நமக்கு வயிறு கலங்கும். அந்தத் தவிப்புக்குத்தான் சங்கிலியை அடகு வைத்தோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

மதினிக்கு என் மேல் இப்போது கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் மகளிடம் அவர்கள் சொல்லும் முதல் வார்த்தையே 'போன்ஜூர்'தான்!

– ஒரு வாசகி, கோவில்பட்டி.